1957இல் எடுத்த ஒரு படம்: அருங்காட்சியகத்தை டிஜிட்டல் ஆக்கும் வேலை ஸ்கேனரோடு முடிவதில்லை, ஏன்?

ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஒரு வெண்கலச் சிலையை ஏலத்தில் வாங்கியது. 16ஆம் நூற்றாண்டில் வார்த்த திருமங்கையாழ்வார் சிலை. ஐம்பது ஆண்டுக்கு மேல் யாரும் எதுவும் கேட்காமல் அது அங்கேயே இருந்தது. 2019 நவம்பரில் ஓர் ஆய்வாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு தகவலைத் தெரிவித்தார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத் தொகுப்பில் இதே சிலை இருக்கிறது, கும்பகோணம் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவில் ஊரின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த படம் என்றார் அவர். தமிழ்நாட்டு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரித்தபோது, கோயிலில் அந்த இடத்தில் இருந்தது நகல் என்று தெரிந்தது. 2024 மார்ச்சில், சிலையைத் திருப்பித் தரும் கோரிக்கைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு ஆதரவு தெரிவித்தது.

இந்த மாதிரிச் செய்திகள் ஒரு பக்கம் வருகின்றன. இன்னொரு பக்கம் 'அருங்காட்சியகம் முழுவதும் முப்பரிமாணத்தில்', 'வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்கலாம்', 'அரும்பொருட்கள் டிஜிட்டல்மயம்' என்ற அறிவிப்புகள் வருகின்றன. இரண்டும் ஒரே வேலைதானா? ஒரு கறுப்பு வெள்ளைப் படம் செய்த காரியத்தை இன்றைய ஸ்கேனர்கள் இன்னும் நன்றாகச் செய்யுமா? செய்யும், ஆனால் சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிஜிட்டல் ஆக்குவது என்றால் என்ன?

நான்கு வேலைகள் சேர்ந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும்.

1. பதிவு செய்வது. படம், ஸ்கேன், ஒலி, எக்ஸ்-கதிர் என்று ஏதோ ஒரு முறையில் பொருளைக் கணினிக் கோப்பாக மாற்றுவது.

2. விவரம் சேர்ப்பது. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, அளவு என்ன, யார் எப்போது பதிவு செய்தார்கள் என்ற குறிப்புகள். கணினித் துறையினர் இதை மெட்டாடேட்டா என்பார்கள்.

3. பாதுகாப்பது. கோப்பு பத்தாண்டு, ஐம்பதாண்டு கழித்தும் திறக்கும்படி பார்த்துக்கொள்வது.

4. திறந்துவிடுவது. யார் பார்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்து வெளியிடுவது.

அறிவிப்புகளில் வருவது பெரும்பாலும் முதல் வேலை மட்டும்தான். பணமும் அதற்கே ஒதுக்கப்படுகிறது, ஏனென்றால் படம் பிடித்துக் காட்ட அதுதான் வசதி. ஆழ்வார் சிலை விஷயத்தில் பலன் கொடுத்தது இரண்டாவது வேலை. படத்தோடு ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் ஆண்டும் இருந்தன. அவை இல்லாமல் இருந்திருந்தால் அது 'ஏதோ ஓர் ஆழ்வார்' படமாக நின்றிருக்கும்.

ஒரு படத்தை வைத்து எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது?

வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நடராஜர் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானே, எது எந்த ஊர் என்று எப்படிச் சொல்வது? விடை வார்ப்பு முறையில் இருக்கிறது.

தென்னாட்டு உற்சவ மூர்த்திகள் மெழுகு வார்ப்பில் செய்யப்படுபவை. ஸ்தபதி முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்கிறார். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார். சூடுபடுத்தும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபிறகு மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. அதே அச்சில் இரண்டாவது சிலை செய்ய வழியே கிடையாது. அப்புறம் உளியும் அரமும் வைத்து முகம், விரல், அணிகலன் எல்லாவற்றையும் கையால் செதுக்கி முடிக்கிறார்கள். ஒரே ஸ்தபதி ஒரே ஆண்டில் ஒரே அளவில் இரண்டு நடராஜர் செய்தாலும் சடைவிரிகளின் இடைவெளி, திருவாசியின் சுடர்கள், முயலகனின் தலைச் சாய்வு ஆகியவை ஒன்றுபோல வராது.

அதற்குமேல் வழிபாடு தன் அடையாளத்தை விடுகிறது. நூற்றாண்டுகளாக அபிஷேகமும் துடைப்பும் நடந்ததில் மூக்கும் மார்பும் மழுங்கியிருக்கும். பீடத்தில் தண்டு செருகும் வளையம் ஒன்று வளைந்திருக்கும். வார்ப்பின்போது காற்றுக் குமிழி விட்ட சிறு குழி முழங்காலில் இருக்கும். எங்கோ ஒரு விரல் நுனி உடைந்திருக்கும். படத்தையும் சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் முக அழகைப் பார்ப்பதில்லை, இந்தப் பழுதுகளைத்தான் தேடுகிறார்கள். இப்படி ஐந்தாறு இடம் ஒத்துப்போனால் தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பட்டும் மாலையும் சாத்திய கோலத்தில் எடுத்த படம் பக்தருக்கு அருமையானது, ஒப்பீட்டுக்கு அநேகமாகப் பயன்படாது. பீடத்தின் அடி, சிலையின் முதுகு, பக்கவாட்டு ஆகியவை தெரியும் படம்தான் சாட்சி.

மயிலாடுதுறைப் பக்கத்து ஆனந்தமங்கலத்தில் 1978இல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 2020இல் லண்டனில் திரும்பக் கிடைத்ததும் இப்படித்தான். பிரெஞ்சு நிறுவனம் 1958இல் எடுத்திருந்த படங்கள் கைகொடுத்தன. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராஜர், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலைச் சேர்ந்தது என்று நிறுவப்பட்டு 2014இல் திரும்பி வந்தது. அங்கேயும் பழைய படங்களே அடிப்படை. சிலைகள் திருடுபோகும் என்று எதிர்பார்த்து அந்தப் படங்களை யாரும் எடுக்கவில்லை. கோயில் கலையை ஆராய எடுத்தார்கள். 1956 வாக்கில் தொடங்கிய அந்தத் தொகுப்பில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவை கணினிக்கு வந்தபிறகு தேடுவதும் ஒப்பிடுவதும் எளிதாயிற்று, அவ்வளவுதான். அடிப்படை வேலை படம் எடுத்த அன்றே குறிப்பு எழுதியபோது முடிந்துவிட்டது.

எந்தக் கருவி எதற்கு?

'ஸ்கேன் செய்தோம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

*படங்களிலிருந்து முப்பரிமாணம்.* இதன் பெயர் போட்டோகிராமெட்ரி. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு பாதிக்கு மேல் மேற்பொருந்த வேண்டும். பல படங்களில் தெரியும் ஒரே புள்ளியை மென்பொருள் கண்டுபிடித்து, கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது என்று கணக்கிட்டு, அந்தப் புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். இப்படிப் பல லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் உருவம் கிடைக்கும். நல்ல கேமரா ஒன்று போதும் என்பதால் இதுவே மலிவான வழி.

கருங்கல் சிற்பத்துக்கு இது அழகாக வேலை செய்யும், வெண்கலத்தில்தான் தொல்லை. பளபளப்பான பரப்பில் தெரியும் ஒளிப்பொட்டு கேமரா நகர்ந்தால் தானும் நகரும். மென்பொருள் அதைப் பொருளின் மேல் உள்ள புள்ளி என்று எண்ணி ஏமாந்துபோகும். விளைவு, வழவழப்பான தோளில் இல்லாத மேடுபள்ளம் முளைக்கும். விளக்கிலும் லென்ஸிலும் முனைவாக்க வடிகட்டி பொருத்திப் பளபளப்பை அடக்கிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். இன்னொரு கட்டாயம் அளவுகோல். பொருளின் பக்கத்தில் அளவுகோல் வைக்காமல் எடுத்தால் உருவம் சரியாக இருக்கும், ஆனால் அது ஒரு சாண் சிலையா ஓர் ஆள் உயரமா என்று கோப்பு சொல்லாது. இணையத்தில் சுற்றும் அழகான முப்பரிமாண உருவங்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. விரலால் சுழற்றிப் பார்க்கலாம், அளக்க முடியாது. ஆய்வுக்கு அது பாதிதான்.

*சாய்ந்த ஒளி.* கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாத சுவரில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். இரவில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தும் படிப்பார்கள். ஆர்டிஐ என்ற முறை இதையே முறைப்படுத்துகிறது. (தகவல் உரிமைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்தி வரிசையாகப் படங்கள் எடுக்கிறார்கள். கணினி அவற்றை இணைத்தபிறகு, திரையில் ஒளியை எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் விழவைத்துப் பார்க்கலாம். ஹியூலட்-பேக்கர்டு ஆய்வகத்தில் 2001இல் உருவான இந்த உத்தியைத்தான், கிரேக்கக் கடலில் கிடைத்த ஆன்டிகித்தெரா வானியல் கருவியின் துருப்பிடித்த எழுத்துகளைப் படிக்க 2005இல் ஏதென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். தேய்ந்த நடுகல், மழுங்கிய செப்பேடு, நாணயம் ஆகியவற்றுக்கு முப்பரிமாண ஸ்கேனைவிட இது மேல் என்பது என் கருத்து. செலவும் குறைவு.

*உலோகக் கலவை.* கையடக்க எக்ஸ்-கதிர் கருவியை வைத்தால் செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, தகரம் எவ்வளவு என்று சில விநாடியில் சொல்லும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும், பாசியும் களிம்பும் கணக்கை மாற்றிவிடும். ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதங்களை அளந்து தென்னிந்திய வெண்கலங்களைக் காலவாரியாகப் பிரித்துப் பார்த்த சாரதா ஸ்ரீனிவாசனின் ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. இந்த முறைகள் எது எந்தக் காலத்து வேலையோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல உதவும். 'இது இந்தக் கோயிலின் சிலை' என்று அவை தனியாகச் சொல்லிவிடாது. அதற்குப் படமும் ஆவணமும் வேண்டும்.

*உள்ளே பார்ப்பது.* மருத்துவமனை சிடி ஸ்கேன்தான், இன்னும் கூர்மையாக. பிரிக்க முடியாத சுருளையும் மூடிய பேழையையும் திறக்காமலே பார்க்கலாம். இதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

கரிச் சுருளைப் படித்த மாணவர்கள்

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையின் நூலகம் புதைந்தது. பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சுருள்கள் கரிக்கட்டையாகிவிட்டன. தொட்டால் உதிரும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகளாக, சுருளை ஸ்கேன் செய்து கணினியில் பிரிக்கும் வழியை உருவாக்கி வந்தார். இஸ்ரேலின் ஐன் கெதியில் கிடைத்த எரிந்த சுருள் ஒன்றை அவர் குழு அப்படிப் படித்தும் காட்டியது. அந்த மையில் உலோகம் கலந்திருந்ததால் எக்ஸ்-கதிரில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஹெர்குலேனியத்தில் சிக்கல் வேறு: மையும் கரி, தாளும் கரி. ஸ்கேனில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

2023 மார்ச்சில் அவரும் சில தொழில்நுட்ப முதலீட்டாளர்களும் சேர்ந்து ஸ்கேன் தரவுகளை இணையத்தில் போட்டு, படிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க இளநிலை மாணவர் லூக் ஃபாரிட்டர், 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை முதலில் வெளிக்கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அவரும் யூசெஃப் நாடர், ஜூலியன் ஷில்லிகர் என்ற இருவரும் சேர்ந்து 7 லட்சம் டாலர் பெரும்பரிசை வாங்கினார்கள். மை பட்ட இடத்தில் நார்களின் நெளிவில் இருந்த மிக நுண்ணிய வேறுபாட்டை இயந்திரக் கற்றல் நிரலுக்குப் பழக்கியிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் வெளிவந்தன. இன்பம், இசை, உணவு பற்றிய ஒரு தத்துவ நூல் அது.

இங்கே கவனிக்க வேண்டியது வெளியிட்டது எதை என்பது. பார்க்க அழகான படத்தை அல்ல, மூலத் தரவை. சுருளின் சுழலும் உருவத்தை மட்டும் இணையத்தில் போட்டிருந்தால் லட்சம் பேர் பார்த்து வியந்திருப்பார்கள், ஒரு சொல்கூடக் கிடைத்திருக்காது. ஸ்கேன் எடுத்த நிறுவனத்தின் கணினியிலேயே தரவு கிடந்திருந்தாலும் அதே கதிதான்.

குறிப்பு எழுதும் வேலை

காணாமல்போகும் கலைப்பொருளை அடையாளம் காண என்னென்ன விவரம் குறைந்தபட்சம் வேண்டும் என்று உலக அருங்காட்சியகங்களும் காவல்துறையும் சேர்ந்து ஒரு தரப்பட்டியல் வைத்திருக்கின்றன. ஆப்ஜெக்ட் ஐடி என்று பெயர், 1997இல் வந்தது. படங்கள் போக, பொருளின் வகை, செய்பொருள், அளவு, பொறிப்புகள், தனித்த அடையாளங்கள், காலம், செய்தவர் என்று ஒரே பக்கத்தில் அடங்கும் சில கேள்விகள். ஸ்கேனர் எதுவும் தேவையில்லை. ஒரு கேமரா, ஒரு நாடா, நிதானமான ஓர் ஆள் போதும்.

இந்த எளிய வேலை இந்தியாவில் எங்கே நிற்கிறது? நாட்டின் தொல்பொருட்களைப் பட்டியலிட 2007இல் தேசிய நினைவுச்சின்னங்கள், தொல்பொருட்கள் இயக்கம் தொடங்கப்பட்டது. மொத்தம் சுமார் 58 லட்சம் தொல்பொருட்கள் இருக்கலாம் என்று மதிப்பீடு. அதில் பதிவானவை 16.8 லட்சம் என்று 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை சொன்னது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பதிவில்லாத பொருள் திருடுபோனால் போனதே தெரியாது. சுந்தரப்பெருமாள்கோவிலில் நகலை வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோனது பல பத்தாண்டுகளாக யாருக்கும் தெரியாமல் இருந்ததே, அது இந்த வகை.

கல்வெட்டு மைப்படிகளின் கதையும் இதே ரகம். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் படிகள் அவை. 1880களிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுப் படிகள் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதில் நடந்த வாதத்தில் பாதி, தாள்கள் எங்கோ பூட்டிக் கிடக்கின்றன என்ற ஆதங்கம்தான். திருப்பணியில் சிதைந்துபோன, பெயர்த்து எறியப்பட்ட கல்வெட்டுகளுக்கு அந்தத் தாள் மட்டுமே மிச்சம். நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, ஊர்ப் பெயரோடும் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை எண்ணோடும் வெளியிட்டால் மைசூரா சென்னையா என்ற கேள்வியின் சூடு பெருமளவு தணிந்துவிடும். எண் இல்லாமல் வெளியிட்டால் அது தாள் குவியல் கோப்புக் குவியலாக மாறிய கதை.

ஸ்கேன் யாருக்குச் சொந்தம்?

பெர்லினில் உள்ள எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை 3,300 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 1912இல் ஜெர்மானியர்கள் அமர்னாவில் தோண்டியெடுத்துக் கொண்டுபோனது. செதுக்கிய சிற்பிக்கு இன்று காப்புரிமை கேட்பார் யாருமில்லை. ஆனால் சிலையை வைத்திருக்கும் பிரஷ்யப் பண்பாட்டு மரபுரிமை அறக்கட்டளை, அதைத் துல்லியமாக ஸ்கேன் செய்த கோப்பை வெளியிட மறுத்தது. அமெரிக்கக் கலைஞர் காஸ்மோ வென்மன் ஜெர்மனியின் தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று ஆண்டு போராடி 2019இல் அதை வாங்கி வெளியிட்டார். கோப்பைத் திறந்து பார்த்தால், சிலையின் அடியில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் உரிம வாசகத்தை அறக்கட்டளை பொறித்துக் கொடுத்திருந்தது! கல்லில் இல்லாத ஒன்று கோப்பில் ஏறிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? காப்புரிமை சொந்தக் கற்பனையைக் காக்க வந்தது. பழைய ஓவியத்தை உள்ளபடி நகலெடுத்த படத்துக்குப் புதிய காப்புரிமை கிடையாது என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த காப்புரிமை வழிகாட்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், பொதுவுடைமையான காட்சிக்கலைப் படைப்பின் நேர்நகலுக்குத் தனி உரிமை இல்லை என்கிறது. இருந்தாலும் அருங்காட்சியகம் கோப்பையே கொடுக்காமல் வைத்துக்கொண்டால் சட்டம் பெரிதாக ஒன்றும் செய்யாது. பூட்டுக்கும் காப்புரிமைக்கும் சம்பந்தமில்லை.

பூட்டைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3.75 லட்சம் படங்களையும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாணக் கோப்புகளையும் எந்த உரிமையும் கோராமல் வெளியிட்டன. கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் 2019இல் இதைச் செய்தது. அங்கே இருக்கும் சோழர் கால நடராஜரின் பெரிய படத்தை மதுரையில் இருந்தபடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் பக்கத்துத் தளங்கள் பலவற்றில் படம் விரல் அளவில், நடுவில் நீர்க்குறியோடு வருகிறது. சோழர் வெண்கலத்தைப் பாடநூலில் போட நினைக்கும் பதிப்பாளர் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் நடராஜரைப் பற்றி எழுதியது, சென்னை அருங்காட்சியகத்துச் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான். அவர் மறைந்தபிறகு 1921இல் அது அச்சில் வந்து, சோழ வெண்கலத்தை உலகக் கலை வரிசையில் வைத்துப் பேசும் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. எழும்பூருக்கு அவர் வந்ததே இல்லை. படம் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

கூடாது. இதில் இரண்டு நியாயமான அச்சங்கள் இருக்கின்றன.

முதலாவது திருட்டு. எந்தக் கிராமத்துக் கோயிலில் எந்தச் சிலை, என்ன உயரம், எந்த அறை என்று பொதுவெளியில் போட்டால் அது திருடனுக்கும் பட்டியல்தான். ஆனால் படத்தையே எடுக்காமல் இருப்பது இதற்கு மருந்தாகாது. கடத்தியவர்களுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை, உள்ளூர் ஆட்களை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். பட்டியல் இல்லாமல் தவித்தது மீட்க நினைத்தவர்கள்தான். முழு விவரமும் அறநிலையத் துறையிடமும் காவல்துறையிடமும் இருக்கட்டும், பொதுப் பக்கத்தில் இருப்பிடமும் பாதுகாப்பு விவரமும் இல்லாமல் படமும் வரலாறும் மட்டும் இருக்கட்டும். பொருள் திருடுபோன அன்று முழுப் பதிவையும் உலகத்துக்கே திறந்துவிடலாம். ஏல நிறுவனங்களும் வாங்குபவர்களும் பார்க்கும் இடத்தில் அது இருந்தால் பொருளை விற்பது கடினம்.

இரண்டாவது மரியாதை. அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் சில சடங்குப் பொருட்களைப் பெண்கள் மட்டும் பார்க்கலாம், சிலவற்றைக் குறிப்பிட்ட குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம் என்ற வழக்கம் உண்டு. இறந்தவர் படத்தைக் காட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. டென்னன்ட் கிரீக் பகுதியின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்து என்ற திறமூல மென்பொருளில், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கிறது. சுற்றுலாப் பயணிக்குத் தெரியாத படம் அந்த வீட்டுப் பேத்திக்குத் தெரியும். எல்லாருக்கும் திறப்பது, எல்லாருக்கும் மூடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

கோப்பும் அழியும்

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 2 கோடி பொருட்களில் பெரும்பகுதி போயிற்று. பேசுவோர் இல்லாமற்போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள் அதில் அடக்கம். முன்பே ஸ்கேன் செய்திருந்த சிலவற்றின் உருவமாவது மிஞ்சியது. மற்றவற்றுக்கு, எப்போதோ பார்க்கப் போனவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள் அங்குள்ள மாணவர்கள்.

டிஜிட்டல் நகல் எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. நகல் அசலைவிடச் சீக்கிரம் போகக்கூடியது. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி 1986இல் புதிய பதிவேடு ஒன்றை லேசர் தட்டில் வெளியிட்டது. பதினைந்து இருபது ஆண்டுக்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி கிடைப்பது அரிதாகி, தனி ஆய்வுத் திட்டம் போட்டு மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழையதை இன்றும் எடுத்துப் படிக்கலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியது. மின்படியாக்கிய சுவடிகள் மாதக்கணக்கில் இணையத்தில் கிடைக்கவில்லை. அலமாரியில் இருந்த சுவடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு நடைமுறையில் சில விதிகள் உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில், முடிந்தால் இணையத்தோடு தொடுப்பே இல்லாமல். மூலப்படத்தை டிஃப் போன்ற, எல்லாரும் படிக்கத் தெரிந்த வடிவத்தில் சுருக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மட்டும் திறக்கும் வடிவம் கூடாது. பார்வைக்கு வைக்கும் சிறிய பிரதி தனி. அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். மாற்றம் உடனே தெரிந்தால் நல்ல பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். யாரும் பார்க்காமல் விட்டால் பழுதான கோப்பே அடுத்தடுத்த பிரதிகளிலும் ஏறி உட்கார்ந்துவிடும். இந்த ஒப்பிடும் வேலைக்கு ஆண்டுதோறும் ஆளும் மின்சாரமும் வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் திட்டங்கள் மூன்று ஆண்டு நிதியோடு வருகின்றன, நான்காம் ஆண்டுக்கு அதில் தலைப்பே இருப்பதில்லை.